ஒரே ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பும் தொழில்

கண்ணாடி இழைக்குள் கோடு போடுவது என் தொழில். போட்ட கோடு கண்ணுக்குத் தெரியாது, அது திருப்பி அனுப்பும் வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே நாள் முழுக்க நான் என்ன செய்கிறேன் என்பது என் வீட்டாருக்கும் தெரியாது.

உங்களுக்கும் இப்படி ஒரு வேலை வாய்த்திருக்கலாம். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "என்னம்மா பண்றே?" என்று ஆசையாகக் கேட்பார். நீங்களும் நம்பி ஆரம்பிப்பீர்கள். இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்கு ரசம் ஞாபகம் வந்துவிடும். அந்த வேதனை தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் ரசத்துக்குப் போகலாம், வருத்தமில்லை.

விஷயம் இவ்வளவுதான். வீட்டுக்கு வரும் இன்டர்நெட், தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை வழியாக வருகிறது. அந்த ஒரே இழையில் பல நிற ஒளிகள் ஆளுக்கொரு செய்தியைத் தூக்கிக்கொண்டு போகும். வழியில் ஒரு நிறத்தை மட்டும் பிரித்து எடுக்க வேண்டுமானால், இழைக்குள்ளேயே லேசரால் நெருக்க நெருக்கமாகக் கோடு போட வேண்டும். மற்ற நிறமெல்லாம் தாராளமாக உள்ளே போய்விடும், அந்த ஒன்று மட்டும் வாசலோடு திரும்பிவிடும். அடுக்குமாடி வாட்ச்மேன் எல்லோரையும் விட்டுவிட்டு கூரியர்காரரை மட்டும் நிறுத்துவாரே, அந்த மாதிரி. இதற்கு ஃபைபர் பிராக் கிரேட்டிங் என்று பெயர். நாங்கள் செல்லமாக ஃபில்டர் என்போம்.

அடையாறில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். மூன்றே பேர். முதலாளி பத்மநாபன் சார், மயிலாப்பூர்க்காரர், கோயில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு. டில்லிபாபு, பட்டினப்பாக்கம், இழையைச் சீவி ஒட்டி டப்பாவில் அடைக்கும் வேலை முழுக்க அவருடையது. வடிவமைப்பும் சோதனையும் நான், ஹேமா. கல்லூரிகளுக்கு மாதிரிகள் செய்து கொடுத்தே பல வருஷம் ஓட்டிவிட்டோம். அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு சார் எங்களை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். தேனாம்பேட்டையில் ஒரு தொலைத்தொடர்புக் கருவி நிறுவனம் வெளிநாட்டு ஃபில்டருக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கைச் சோதித்துப் பார்க்கத் தயாராக இருக்கிறது. அவர்கள் ஏற்றுக்கொண்டால் கூடம் நிற்கும். வருஷக் கடைசிக்குள் ஏற்காவிட்டால் லேசரைப் புனேக்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலைக்கு என் தோழி ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வேலைதான். எனக்குத்தான் துளியும் மனம் வரவில்லை.

டப்பா

முதல் மாதிரியை எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டைக்கு ஆட்டோவில் போனேன். சிக்னலுக்குச் சிக்னல் டப்பாவைத் திறந்து பார்த்துக்கொண்டே போனதில் ஆட்டோக்காரருக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது. "இன்னாமா, நகையா? உள்ள வெச்சிக்கோ" என்றார். நகையாக இருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நிறுவனத்தில் முதலில் என்னைப் பார்த்தவர் பர்ச்சேஸ் மேனேஜர். ஆணிக்கும் சேர் டேபிளுக்கும் ஆர்டர் போடுகிறவர். டப்பாவைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், ஜன்னலோரம் போய் நின்று பார்த்தார். "பொருள் எங்க மேடம்?" என்றார். பென்சில் முனையால் இழையைக் காட்டினேன். "இதுவா?" என்றார். "இது இழை சார். பொருள் இதுக்குள்ள இருக்கு" என்றேன். எனக்கே அது கொஞ்சம் சாமியார் பேச்சு மாதிரித்தான் பட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டப்பாவைப் பத்திரமாக மூடி, சோதனைக்கூடத்துக்கு போன் போட்டார்.

"சாதிக், அடையாறுலேர்ந்து ஒரு மேடம் ஒரு டப்பா கொண்டாந்திருக்காங்க. உள்ள ஏதாவது இருக்கான்னு மெஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

விரல்

சாதிக் சார்தான் அங்கே சோதனைக்கூடத் தலைவர். ராயப்பேட்டையில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். வீட்டில் உருது, வேலையில் மெட்ராஸ் தமிழ், கோபம் வந்தால் மௌனம். அவர் 'ம்' என்று சொல்லிவிட்டால் அந்தக் கம்பெனியில் அதற்கு அப்பீல் கிடையாது.

இழையை மெஷினில் மாட்டினார். திரையில் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து நின்றது. எந்த நிறம் திரும்பி வர வேண்டுமோ அதே நிறம், அதே இடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாதிக் சார் ஆள்காட்டி விரலை இழைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தொடக்கூட இல்லை. விரல் சூட்டுக்கே முனை நகர்ந்துவிட்டது. விரலை எடுத்தார், திரும்பி வந்தது. வாயால் லேசாக ஊதினார், மறுபடியும் போய்விட்டது. நான் அவசரமாக, கண்ணாடிக்குச் சூடேறினால் அப்படித்தான் நகரும், கணக்குப்படி எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவுதான் நகர்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். பரீட்சையில் தப்பாக எழுதிவிட்டுக் கையெழுத்து நன்றாக இருக்கிறதே என்று கேட்பதைப் போலத்தான் இருந்தது அது.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இந்தப் பொருள் போய் உட்காரப்போவது ரோட்டோர இரும்புப் பெட்டிக்குள். அக்னி நட்சத்திர வெயிலில் அந்தப் பெட்டியைத் தொட முடியாது. மார்கழிக் காலையில் அதே பெட்டி சில்லென்று இருக்கும். வெயில் ஏறினால் பக்கத்து நிறத்துக்குப் போய்விடும் ஃபில்டரை வைத்து அவர் என்ன செய்வார்? இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"மேடம், நான் ஃபில்டர் கேட்டேன். நீங்க ரொம்ப நல்ல தெர்மாமீட்டரு கொண்டாந்திருக்கீங்க."

எடைக்கல்

மறுநாளே சாதிக் சாரே போன் செய்து, "சூட்டுக்கு அசையாத மாதிரி பண்ணிக் கொண்டாங்க, பாக்குறேன்" என்றார். கதவு மூடவில்லை. அது போதும் எங்களுக்கு.

சூட்டுக்கு அசையாமல் இருக்க ஒரு வழி உண்டு. இழையை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து, ஒரு சின்ன உலோகக் கூட்டுக்குள் இரண்டு முனையிலும் ஒட்டிவிட வேண்டும். வெயில் ஏற ஏற அந்தக் கூடு, இழுத்த பிடியைத் தானாகக் கொஞ்சம் தளர்த்தும்படி உலோகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சூடு ஒரு பக்கம் தள்ளும், தளர்வு மறுபக்கம் இழுக்கும், நிறம் நின்ற இடத்திலேயே நிற்கும். துணி காயப்போடும் கொடிக் கயிற்றை வெயிலுக்குத் தக்கபடி யாரோ இறுக்கித் தளர்த்துவதைப் போல. சொல்வதற்குச் சுலபம். எவ்வளவு இழுப்பது என்பதில்தான் ஜீவனே இருக்கிறது. கொஞ்சம் கூடினால் இழை அறுந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் பழையபடி தெர்மாமீட்டர்.

இழுப்பதற்கு இழை முனையில் எடைக்கல்லைத் தொங்க விடுவோம். எங்களிடம் இருந்த கற்கள் பழசாகித் தேய்ந்துவிட்டன. புதிதாக வாங்க தி.நகர் போனேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி, நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். சின்னச் சின்னப் பித்தளைக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது சரியா, இதைவிடச் சின்னது உண்டா, ஓரம் மழுங்காமல் இருக்குமா என்று நான் படுத்திய பாட்டில், பெரிய பட்டறைக்காரி என்று நினைத்து எனக்கு மட்டும் ரோஸ்மில்க் வரவழைத்தார் கடைக்காரர். குடித்து முடித்தபின் "எத்தன ஆசாரிங்க வேல பாக்கறாங்க மேடம்?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. தலைமுடி மாதிரி ஒரு கண்ணாடி இழை, அதில் இதைக் கட்டித் தொங்கவிடுவோம் என்றேன். ரோஸ்மில்க் கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டே அவர் சொன்னது:

"முடியில கல்லக் கட்டித் தொங்க வுடறதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்கு சம்பளம் வேற குடுக்கறாங்களா மேடம்?"

மேஸ்திரியின் மிஸ்டு கால்

கூடு தயாராகிவிட்டது, கல்லும் வந்துவிட்டது. கிரேட்டிங் எழுதலாம், அதாவது கோடு போடலாம் என்று லேசரைப் போட்ட அன்றைக்கு எதிர் வீட்டை இடித்தார்கள். இடித்த இடத்தில் அடுக்குமாடி கட்ட, பூமிக்குள் அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் மெஷின் வந்து நின்றது. அடையாறில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. எல்லாத் தெருவிலும் ஒரு வீடாவது இடிந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் எங்கள் வேலையில், லேசர் கோடு போடும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இழை துளியும் அசையக் கூடாது. அசைந்தால், ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டு போட்ட கையெழுத்து மாதிரிக் கோடுகள் கலைந்துவிடும். மெஷின் ஒவ்வொரு தடவை 'டம்' என்று இறங்கும்போதும் திரையில் எங்கள் முனை குட்டையாகி, பக்கத்தில் இரண்டு குட்டி போட்டது.

டில்லி எதிரே போய் மேஸ்திரியிடம் பேசினார். என்ன பேசினாரோ, திரும்பி வரும்போது உடன்படிக்கையோடு வந்தார். டீக்கும் சாப்பாட்டுக்கும் மெஷினை நிறுத்தும்போது மேஸ்திரி எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மறுபடி ஆரம்பிக்கும்முன் இன்னொன்று. அந்த இரண்டு மிஸ்டு காலுக்கு நடுவில்தான் எங்கள் உற்பத்தி. போன் துடித்ததும் மூன்று பேரும் ஓடுவோம். மின்விசிறியை நிறுத்துவோம், செருப்பைக் கழற்றுவோம், சார் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்காருவார். அந்த மனிதர் டீயை இவ்வளவு வேகமாகக் குடிக்கிறாரே என்று எனக்குத் தினமும் ஆத்திரம் வரும். ஒரு நாள் டில்லி அவருக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார், டீ நேரம் நீளட்டும் என்று. அன்றைக்கு ஒரு கிரேட்டிங் கூடுதலாக எழுதினோம்.

தன் டீக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று மேஸ்திரிக்கு ஒரே குடைச்சல். ஒரு மத்தியானம் நேரே உள்ளே வந்துவிட்டார். இருட்டு அறை, அசையாமல் நிற்கும் மூன்று பேர், மேஜைமேல் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று. வாசலிலேயே நின்றவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இன்னா சார், உள்ள பாம்பு எதுனா பூந்துக்கிச்சா? சொல்லுங்க, நம்ம பசங்கள இட்டாரேன்."

பாதி

ஐப்பசியில் முதல் தொகுதி தேனாம்பேட்டைக்குப் போனது. எங்கள் சூட்டுப் பெட்டியில் ஒரு சுற்று சூடு, ஒரு சுற்று குளிர் பார்த்துத்தான் அனுப்பினோம். எல்லாம் அசையாமல் நின்றது. ஆனால் சாதிக் சாரின் பெட்டியில் நாள்கணக்கில் சுற்றுவார்கள். சூடு, குளிர், சூடு, குளிர் என்று ஒரு வருஷத்து வெயிலையும் மழையையும் ஒரு வாரத்தில் காட்டிவிடுவார்கள். மாமியார் வீட்டுக்குப் பெண் அனுப்பிய வீடு மாதிரி போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

போன் வந்தது. "மேடம், பாதி நின்னுடுச்சு. பாதி நழுவுது. ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கினே போவுது" என்றார். வைத்துவிட்டு மற்ற இருவரிடமும் சொன்னேன். சார் எழுந்து போய் லேசரின் மேல் கையை வைத்தார். அந்த லேசரை அவர் பழைய சாமானாக வாங்கி, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாட்டி உயிர் கொடுத்திருந்தார். "புனேக்காரா போன வாரமே பேசினா. பாக்கறதுக்கு ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டா. வரச் சொல்லிடலாமா ஹேமா?" என்றார். அழுதுவிடுவேனோ என்று பயந்து, ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தேன். டில்லிதான், கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"எல்லாம் பூட்டுச்சுன்னா நம்ம டிசைனு தப்பு சார். பாதி நின்னுக்கினு கீதுல்ல? அந்தப் பாதி இன்னா சொல்லுதுன்னு மொதல்ல கேப்போம் சார், அப்பால புனேக்காரன கூப்டுவோம்."

ஸ்பெக்கில் இல்லாதது

நழுவியவற்றில் ஒன்றை உடைத்துப் பார்க்கலாம், வாருங்கள் என்றார் சாதிக் சார். போனேன். கூட்டைத் திறந்து, இழை ஒட்டியிருந்த பள்ளத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். பசை மொத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் உரிந்து, அதன் வழியே இழை வழுக்கியிருந்தது. பசைக்கு அடியில் பொடிப்பொடியாகச் சிவப்பு. அவர் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்னொன்றை உடைத்தார். அதிலும் சிவப்பு. நின்ற ஃபில்டர் ஒன்றை மனசு கேட்காமல் உடைத்தார். அதில் ஒன்றும் இல்லை. "மேடம், இது இன்னா? உங்க ஸ்பெக்ல செவப்பு எதும் இல்லியே?" என்றார், நாங்கள் எழுதிக் கொடுத்த செய்முறைத் தாளைக் காட்டி. குனிந்து பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அது குங்குமம்.

ஆயுத பூஜை. வேறென்ன? கூட்டின் பாகங்களையெல்லாம் கழுவி, காய வைத்து, தூசி போகத் துடைத்து, மறுநாள் ஒட்டுவதற்குத் தயாராகத் தட்டில் அடுக்கியிருந்தோம். இடையில் பூஜை வந்தது. முக்கியமான சரக்காயிற்றே, சுவாமி முன்னால் வைக்காமல் இருக்கலாமா என்று சார் தட்டை நீட்டினார். டில்லி எதையும் அரைகுறையாகச் செய்கிறவரல்ல. லேசருக்கு, மெஷினுக்கு, ஸ்கூட்டருக்கு, எல்லாக் கூட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனார். பாதித் தட்டு முடிந்தபோது கிண்ணம் காலியாகிவிட்டது, மீதிப் பாதிக்குப் பொட்டு கிடைக்கவில்லை. பூஜை முடிந்ததும் அவரே எல்லாவற்றையும் துணியால் துடைத்தார். மேலே போய்விட்டது. பள்ளத்துக்குள் போகவில்லை. என் பங்குக்கு நான் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ராயப்பேட்டைக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். முழுதும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டு இல்லாததெல்லாம் நின்றுவிட்டபடியால் டிசைனில் கோளாறு இல்லை, இந்த மாசக் கடைசிக்குள் புதிதாக ஒரு தொகுதி கொடுங்கள், இதுதான் கடைசி, அதற்குமேல் மேலிடத்தில் என்னால் பேச முடியாது என்றார். லிஃப்ட் வரை கூட வந்து, கதவு மூடும்போது சொன்னார்:

"பூஜ பண்ணுங்க மேடம், நான் வேணான்னு சொல்லல. ஒட்டுற எடத்த மட்டும் வுட்டுட்டு பொட்டு வைங்க."

ஐஸ்

கடைசித் தொகுதிக்கு வேண்டிய இழை எங்கள் ஃப்ரீசரில் இருந்தது. சும்மா இழையில் கோடு விழாது. அதை வாரக்கணக்கில் ஹைட்ரஜன் அழுத்தத்தில் ஊறவைத்து எடுக்க வேண்டும். அப்படி ஊறிய இழையைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், சூடு பட்டால் ஏறிய வாயு மெள்ள வெளியே போய்விடும். மறுபடி ஊறவைக்க நேரமில்லை. இதைத் தெரிந்துகொண்டு பெய்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர், அடையாறு முழுக்கக் கரண்ட் இல்லை, இன்வெர்ட்டர் காலையிலேயே கண்ணை மூடிவிட்டது. ஃப்ரீசர் சொட்ட ஆரம்பித்தது. கதவைத் திறக்காதே திறக்காதே என்று சார் என்னையும், நான் அவரையும் மிரட்டிக்கொண்டிருந்தோம்.

டில்லி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது முட்டிவரை நனைந்து, பின்னால் ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டி கட்டியிருந்தார். உள்ளே உடைத்த ஐஸ், மேலே இரண்டு கை கல் உப்பு. உப்புப் போட்டால் இன்னும் குளிரும் என்பது குல்பி விற்பவருக்குக்கூடத் தெரியும், பதற்றத்தில் எங்களுக்குத்தான் தோன்றவில்லை. இழைச் சுருளைப் பாலிதீனில் சுற்றி, இன்னொரு பாலிதீனில் சுற்றி, நடுவில் புதைத்தோம். அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் வாசனை எட்டியது. பட்டினப்பாக்கம் கடற்கரையில் எதற்காக அவ்வளவு ஐஸ் வைத்திருப்பார்கள் என்று யோசித்தால் தெரிந்துவிடும். நான் டில்லியைப் பார்த்தேன், டில்லி கூரையைப் பார்த்தார். வெங்காயம்கூட ஏகாதசியன்று தொடாத பத்மநாபன் சார் பெட்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மூச்சை ஒரு தடவை இழுத்தார். பிறகு மேல்துண்டை எடுத்து, ஈரம் சொட்டிக்கொண்டிருந்த டில்லியின் தோளில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஹேமா, இந்த வாசனைக்கு அலைநீளம் ஒண்ணும் மாறிடாதோன்னோ? அப்போ சரி, யாரும் எங்கேந்து வந்ததுன்னு சொல்லிண்டு இருக்க வேண்டாம்."

கடைசிச் சுற்று

இழை பிழைத்தது, கோடும் விழுந்தது. இந்தத் தடவை பாகங்களைக் கழுவிய கையோடு ஒட்டினோம். சார் கோயிலிலிருந்து நேரே வந்து, விபூதிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வாருங்கள் என்று டில்லி கூப்பிட்டும் வரவில்லை. ஒட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்று, எங்கள் பங்குக்கும் சேர்த்து வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாதிக் சாரின் பெட்டியில் கடைசிச் சுற்று ஓடிய அன்று எங்கள் மூன்று பேரையும் வரச் சொன்னார். தோற்றால் நேரில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. பெட்டிக்குள் சூடு ஏற ஆரம்பித்தது. பக்கத்துத் திரையில் ஒரே ஒரு முனை. அக்னி நட்சத்திரம் தாண்டி ஏறியது. முனை நின்றது. இன்னும் ஏறியது. நின்றது. குளிருக்குத் திருப்பினார்கள், மார்கழி தாண்டி இறங்கியது. நின்ற இடத்தில் நின்றது. புடவைத் தலைப்பை நான் கயிறாக முறுக்கி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. டில்லி கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சார் மட்டும் ஒரு இடத்தில் இருக்கவில்லை. வராந்தாவுக்குப் போவார், திரும்பி வருவார், கதவைப் பிடித்துக்கொண்டு "ஏதாவது ஆச்சோ?" என்பார். "ஒண்ணும் ஆகல சார்" என்பேன். போய்விடுவார். மறுபடி வருவார். "இப்போ?" "ஒண்ணும் ஆகல சார்." வெளியே அண்ணா சாலை ஹார்ன் சத்தத்தில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெட்டி நின்றது. சாதிக் சார் திரையைப் பார்த்தார், தாளில் வந்த கோட்டைப் பார்த்தார். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே கோடு. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்காமல், அந்தக் கோட்டையே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து சார் மறுபடி கதவண்டை வந்து, என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "என்ன ஆச்சு? ஒண்ணுமே ஆகலையா?" என்றார். சாதிக் சார் எழுந்து போய், தாளை அவர் கையில் வைத்து, இரண்டு கையாலும் அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமே ஆகல சார். அதுக்குத்தான் உங்களுக்கு ஆர்டர் போடுறேன்."

ஒரு தொழில் பிழைத்துக்கொண்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை, அதைப் பற்றி அலுத்துக்கொள்ள மறுநாள் காலையும் மூன்று பேர் வேலைக்கு வந்தால் போதும்.